இறால் ஓட்டு மருந்துத்துகள் ஏன் திரிகிறது?

கேள்வி: சசூன் டாக் மீன்துறையில் வாங்கிய இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்ற இயற்கைப் பலபடியை எடுத்தேன். மருந்து ஏற்றும் நுண்துகளுக்காக டிரைபாலிபாஸ்பேட் (கைட்டோசானைப் பிணைத்துத் துகளாக்கும் உப்பு) சேர்த்ததும், திரிந்த பால்போல் அடியில் படிகிறது. என்ன தவறு?
– பார்மசி மாணவி, மாட்டுங்கா, மும்பை

பதில்: பெரும்பாலும் பாஸ்பேட் கூடிப்போயிருக்கும். துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தள்ளிவைப்பது கைட்டோசானின் நேர்மின்னேற்றம்தான். எதிர்மின்னேற்றம் கொண்ட பாஸ்பேட் அதை முழுக்கத் தணித்துவிட்டால் எல்லாம் திரண்டுவிடும்.

1% அசிட்டிக் அமிலத்தில் 0.1% கைட்டோசானைக் கரைத்து, வடிகட்டி, பி.எச். அளவை 5க்குக் கொண்டுவாருங்கள். காந்தக் கலக்கி ஓடிக்கொண்டிருக்க, 0.1% பாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கைட்டோசான் கரைசல் 5 பங்குக்கு பாஸ்பேட் கரைசல் 1 பங்கு என்று தொடங்குங்கள். குடுவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: லேசாக நீலம் ஓடிய வெண்மை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். பி.எச். 6.5ஐத் தாண்டினாலும் கைட்டோசான் பிரிந்து படியும்.

அமிலத்தில் கரைக்கும்போதே பிசிறு மிதந்ததா? அப்படியானால் பெரும்பாலும் அசிட்டைல் நீக்கம் (ஓட்டிலுள்ள கைட்டினைக் கைட்டோசானாக மாற்றும் படி) போதவில்லை. 50% காஸ்டிக் சோடாவில் 100 டிகிரி செல்சியஸில் மறுபடி 2 மணி நேரம் வைத்து, நடுநிலை வரும்வரை கழுவுங்கள். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், அரித்துவிடும். கையுறையும் கண்கவசமும் கட்டாயம்.

புரதத்தை நீக்கும் கட்டத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். மிச்சமிருக்கும் இறால் புரதம் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்து.