விளம்பர வருமானத்தை நம்பி ஆசிரியர் வேலையை விடலாமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். மாடித்தோட்டம், வீட்டுத்தோட்டம் குறித்து நான்கு ஆண்டுகளாக யூடியூப் சேனல் நடத்துகிறேன், 1.8 லட்சம் சந்தாதாரர்கள் உள்ளனர். மாத வருமானம் 18,000 ரூபாய்க்கும் 70,000 ரூபாய்க்கும் இடையே ஏறி இறங்குகிறது. அதில் பெரும்பகுதி விளம்பர வருமானம். ஸ்பான்சர்களில் சிலர் பணம் தராமல் மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள். வேலையை விட்டு இதையே முழுநேரத் தொழிலாக்கலாமா? அதற்குக் கம்பெனி பதிவு செய்ய வேண்டுமா?

பதில்: விடலாம், ஆனால் இந்த ஆண்டு வேண்டாம். 70,000 ரூபாய் வந்த மாதத்திலும் 18,000 ரூபாய் வந்த மாதத்திலும் நீங்கள் ஏறத்தாழ ஒரே அளவுதான் உழைத்திருப்பீர்கள். வித்தியாசத்தைத் தீர்மானித்தவை உங்கள் கையில் இல்லாத காரணங்கள். தீபாவளியை ஒட்டி நிறுவனங்கள் விளம்பரத்துக்கு அதிகம் செலவிடுவதால் ஆண்டின் கடைசி மாதங்களில் விளம்பரக் கட்டணம் உயர்ந்து ஜனவரியில் சரியும். உங்கள் துறையில் ஆடிப்பட்டத்துக்கு விதை தேடும் நாட்களில் பார்வைகள் கூடி, மாடியில் செடிகள் கருகும் கோடையில் குறையும். நீண்ட வீடியோக்களின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடும் ஷார்ட்ஸ் வருவாயில் 45 விழுக்காடும் படைப்பாளிக்கு என்று வகுத்தது யூடியூப்; அதை மாற்றும் உரிமையும் அந்நிறுவனத்திடமே இருக்கிறது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அந்த ஒரு செயலியை மட்டும் நம்பியிருந்த தமிழ்ப் படைப்பாளிகள் பலர் தங்கள் பார்வையாளர்களை ஒரே இரவில் இழந்தார்கள். எனவே சந்தாதாரர் எண்ணிக்கையை வைத்து வேலையை விடும் முடிவை எடுக்காதீர்கள். இத்தொழில் உங்களுக்கு ஓர் ஆண்டு முழுவதும் தவறாமல் சம்பளம் தருகிறதா என்பதே அளவுகோலாக இருக்கட்டும்.

அதை அறிய ஒரு வழி உண்டு. சேனலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, விளம்பரம், ஸ்பான்சர், வேறு எந்த வழியில் வரும் பணத்தையும் அதில் மட்டும் பெறுங்கள். எல்லாச் செலவும் அதிலிருந்தே போகட்டும். ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில், வருமானம் எவ்வளவாயினும், நிர்ணயித்த ஒரு தொகையை, உதாரணமாக 25,000 ரூபாயை, உங்கள் சொந்தக் கணக்குக்குச் சம்பளமாக மாற்றிக்கொள்ளுங்கள். பள்ளிச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை இந்தப் பணத்தை நீங்கள் தொடாமல் சேமிக்கலாம், ஆனால் தொழில் கணக்கைப் பொறுத்தவரை அது செலவழிந்த பணம். (வருமான வரிக் கணக்கில் தனி உரிமையாளர் எடுத்துக்கொள்ளும் சம்பளம் தொழில் செலவாக ஏற்கப்படாது, இது உங்கள் நிர்வாகத்துக்கான கணக்கு மட்டுமே.) ஜூன் முதல் அடுத்த மே வரை இப்படி நடத்தினால் ஆடியும் தீபாவளியும் கோடையும் அதற்குள் வந்துவிடும். அந்த 12 மாதச் சம்பளமும் செலவும் போக, அடுத்த ஆறு மாதங்களுக்குத் தேவையான சம்பளமும் செலவும் கணக்கில் மிஞ்சியிருந்தால், அந்தக் கல்வியாண்டின் முடிவில் தயங்காமல் விலகலாம். மிஞ்சாவிட்டால் இன்னும் ஓர் ஆண்டு பொறுப்பதே நல்லது. மழைக்காலத்தில் நிரப்பாத தொட்டியை நம்பிக் கோடையில் நாற்று நட முடியாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது விலை. எடிட்டருக்கு மாதம் 12,000, கேமரா, மைக், கணினி ஆகியவற்றின் தேய்மானத்துக்கு 5,000, பயணம், விதை, மண்கலவை, இணையம் ஆகியவற்றுக்கு 6,000, உங்கள் சம்பளம் 25,000 என்று வைத்துக்கொண்டால் மாதச் செலவு 48,000 ரூபாய். மாதம் நான்கு வீடியோக்கள் என்றால் ஒவ்வொன்றின் அடக்கவிலையும் 12,000 ரூபாய். இந்த எண்களுக்குப் பதிலாக உங்கள் உண்மையான செலவுகளைப் போட்டுப் பாருங்கள். என்னிடம் கணக்கு பார்க்க வரும் படைப்பாளிகள் பெரும்பாலோர் எடிட்டருக்குக் கொடுத்ததை எழுதி வைத்திருப்பார்கள். தங்கள் உழைப்புக்கான கூலியை எழுதியிருக்க மாட்டார்கள். அதனால்தான் 8,000 ரூபாய் ஸ்பான்சர் வாய்ப்பு அவர்களுக்கு லாபமாகத் தெரிகிறது. பணம் தராமல் 'பொருளை அனுப்புகிறோம், வீடியோ போடுங்கள்' என்று கேட்பவர்களிடம் இன்னும் கவனம் தேவை. அப்படி வரும் பொருளைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டால் அதுவும் உங்கள் வருமானமே. ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் தரும் பொருள்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால், 10 விழுக்காடு டிடிஎஸ் (தருபவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குச் செலுத்தும் வருமான வரி) செலுத்தப்பட வேண்டும் என்பது 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள விதி.

இழுத்தடிக்கும் ஸ்பான்சர்களுக்கு வருகிறேன். முதலில் சிறுதொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. செய்துதருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் இடைத்தரகர்களை நாட வேண்டாம். குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006இன்படி, பதிவுபெற்ற குறு, சிறு தொழிலிடம் சேவை பெற்றவர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு 45 நாட்களைத் தாண்டக்கூடாது. எழுத்து மூலம் எதுவும் இல்லையென்றால் 15 நாட்கள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாந்திரக் கூட்டு வட்டியாகக் கணக்கிடப்படும். இதற்கென உள்ள மத்திய அரசின் இணையதளத்தில் புகாரும் அளிக்கலாம். உரிய காலத்தில் தராத தொகையை, உண்மையில் செலுத்தும்வரை, வாங்கிய நிறுவனம் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் இருப்பதால், இன்வாய்ஸில் உத்யம் எண்ணைக் கண்டதும் நிறுவனங்களின் கணக்குப் பிரிவு விழித்துக்கொள்கிறது. இவை எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது, ஸ்கிரிப்ட் ஒப்புதலாகும்போதே பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பது. தர மறுப்பவர் பின்னால் முழுத் தொகையையும் எளிதில் தரப்போவதில்லை.

ஒப்பந்தத்தில் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். உங்கள் வீடியோவை அந்த நிறுவனம் தன் சொந்த விளம்பரமாக ஓட்டலாமா, எத்தனை மாதங்களுக்கு, அந்தக் காலத்தில் வேறு உர நிறுவனத்துடன் நீங்கள் பணியாற்றக் கூடாதா என்பவற்றுக்குத் தனித்தனி விலை உண்டு. பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கும் ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படவில்லையெனில் ஐந்து ஆண்டுகள் என்றே சட்டம் கருதும் என்பதால், மூன்று மாதம் என்றால் மூன்று மாதம் என எழுதச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வேலை செய்துதரும் எடிட்டரிடமும் ஒளிப்பதிவாளரிடமும் உரிமை உங்களுடையது என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கி வையுங்கள். பணமோ பொருளோ பெற்றுச் செய்த வீடியோ என்பதைப் பார்வையாளர் தவறவிடாதபடி வீடியோவிலேயே சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும் மீண்டும் தவறினால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். அபராதத்தை விடுங்கள், நீங்கள் பரிந்துரைத்த பூச்சிமருந்தை ஒருவர் தன் குழந்தை சாப்பிடும் கீரையில் தெளிக்கிறார். எனவே உங்கள் தோட்டத்தில் ஒரு பருவமாவது பயன்படுத்தாத எதையும் பரிந்துரைக்காதீர்கள்.

உங்களிடம் பலருக்கும் இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. அரட்டை வீடியோ ஒரு வாரத்தில் மறக்கப்படும், ஆனால் வெண்டைச் செடியில் மாவுப்பூச்சியை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற வீடியோவை ஒவ்வோர் ஆண்டும் புதியவர்கள் தேடிவந்து பார்ப்பார்கள். எனவே வாரம் இரண்டு என்று ஓடி உடம்பைக் கெடுத்துக்கொள்வதைவிட, தேடிவரும் கேள்விகளுக்கு வாரம் ஒன்றை நிதானமாகச் செய்யுங்கள். அதே அறிவைக் கட்டணப் பயிற்சியாகவும் தரலாம். 'முதல் மாடித்தோட்டம், எட்டு வாரங்கள்' போன்ற நேரலை வகுப்பு ஆசிரியையான உங்களுக்குக் கைவந்த கலை. அதன் வருமானம் எந்தத் தளத்தின் பங்கீட்டு விகிதத்தையும் சார்ந்ததல்ல. பதிவு செய்பவர்களின் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் அவர்கள் சம்மதத்தோடு உங்களிடம் சேரும். யூடியூப் சந்தாதாரர்களை உங்களால் அப்படி நேரடியாகத் தொடர்புகொள்ள முடியாது. விதை விற்கும் எண்ணம் இருந்தால் அவசரப்பட வேண்டாம்: 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதற்கு உரிமம் தேவை.

கம்பெனி இப்போது தேவையில்லை. தனியார் நிறுவனமாக (பிரைவேட் லிமிடெட்) பதிவு செய்தால் வருமானம் எவ்வளவு குறைவாயினும் ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம். உங்கள் வருவாய்க்கு அது வீண் செலவு. தனி உரிமையாளர் தொழிலாகவே நடத்துங்கள். விளம்பர வருவாய், ஸ்பான்சர், பயிற்சிக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும். யூடியூப் விளம்பரப் பங்கைத் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கு வழியே வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தையும் அந்தக் கூட்டலில் சேர்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால், பள்ளிச் சம்பளத்தைச் சேர்த்தாலும் நீங்கள் வரி கட்டவேண்டி வராது. ஆனாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அப்போதுதான் ஸ்பான்சர்கள் பிடித்த டிடிஎஸ் திரும்பக் கிடைக்கும். ஆட்சென்ஸில் அமெரிக்க வரிப் படிவத்தை பான் எண்ணுடன் நிரப்பியிருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். நிரப்பியிருந்தால் அமெரிக்கப் பார்வையாளர்கள் மூலம் வந்த பகுதிக்கு மட்டும் 15 விழுக்காடு பிடிக்கப்படும். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலும் 24 விழுக்காடு வரை பிடிக்கப்படலாம்.

கடைசியாக, சேனல் இணைக்கப்பட்டுள்ள கூகுள் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். எடிட்டருக்குக் கடவுச்சொல்லைத் தராமல், யூடியூப் ஸ்டூடியோவில் உள்ள அனுமதி வசதியின் வழியே தேவையான அளவு அணுகலை மட்டும் கொடுங்கள். ஸ்பான்சர் ஒப்பந்தம் என்ற பெயரில் மின்னஞ்சலில் வரும் சுருக்கப்பட்ட (ஜிப்) கோப்புகளைத் திறக்கவே வேண்டாம். சேனல்கள் திருடப்படும் வழக்கமான வழி அதுதான். எல்லா வீடியோக்களின் மூலக் கோப்புகளையும் இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் சேமித்து, ஒன்றை வீட்டுக்கு வெளியே, நம்பகமான உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.