வடக்கேயிருந்து வருவது – கடிதம்

அன்புள்ள சார்,

எங்கள் சபையில் எரேமியா முதல் அதிகாரத்தை வைத்து ஒரு செய்தி கொடுத்தார்கள். எபிரெயத்தில் வடக்குக்கு 'ட்ஸாஃபோன்' என்று பெயர், 'மறைந்திருப்பது' என்று அதற்குப் பொருள், ஆகவே வேதத்தில் வடக்கு என்று வரும் இடமெல்லாம் ஒரு மறைபொருள் உண்டு என்றார் போதகர். கேட்க நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து பைபிளைப் புரட்டினால் குழப்பம்தான் மிச்சம். எரேமியாவில் தீங்கு வடக்கேயிருந்து வருகிறது. 48ஆம் சங்கீதத்தில் சீயோன் மலையே வடதிசையில் இருக்கிறது. ஒரே திசை இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்? தவிர, பாபிலோன் எருசலேமுக்குக் கிழக்கே அல்லவா இருக்கிறது? லேவியராகமத்தில் ஆட்டைப் பலிபீடத்தின் வடபுறத்தில் கொல்லச் சொல்வதும் இந்த மறைபொருளில் சேர்ந்ததுதானா?

டி.எஸ்., பாளையங்கோட்டை

*

அன்புள்ள டி.எஸ்.,

பாபிலோனிலிருந்து தொடங்குவோம். அது எருசலேமுக்கு ஏறக்குறைய நேர்கிழக்கில் இருந்தது என்பது சரி. ஆனால் நடுவில் கிடப்பது சிரிய-அரேபியப் பாலைவனம். காக்கைக்கு வேண்டுமானால் அது வழி. ஆயிரக்கணக்கான ஆட்களும் குதிரைகளும் தண்ணீர் குடித்தாக வேண்டிய படைக்கு அது வழியே இல்லை. அவர்கள் யூப்ரடீஸ் ஆற்றோடு வடமேற்கே ஏறி, சிரியாவுக்குள் நுழைந்து, அங்கிருந்து தெற்கே இறங்கவேண்டும். ஆக, கிழக்கே இருந்த எதிரி வந்து சேர்ந்தது வடக்கு வாசலில். அசீரியர்களுக்கும் அதே பாதைதான்.

இரண்டாம் இராஜாக்களின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமிலிருந்து தப்பியோடிய யூதாவின் கடைசி ராஜா சிதேக்கியாவை எரிகோ சமவெளியில் பிடிக்கிறார்கள். கொண்டுபோவது நேராகப் பாபிலோனுக்கு அல்ல, ரிப்லாவுக்கு. எருசலேமுக்கு வடக்கே, சிரியாவின் ஆமாத் தேசத்தில், ஒரோன்டஸ் ஆற்றங்கரையில் இருந்த ஊர் அது. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் அங்கேதான் இருந்தான். அங்கேதான் சிதேக்கியாவின் கண்ணெதிரே அவன் பிள்ளைகளை வெட்டினார்கள். பிறகு அவன் கண்களைக் குருடாக்கி, விலங்கிட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். தீர்க்கதரிசி எரேமியா 'வடக்கு' என்றபோது அது யூதாவின் ஜனங்களுக்கு எதைக் குறிக்கிறது என்று யாரும் விளக்கத் தேவையிருந்திருக்காது.

எரேமியாவின் சொந்த ஊர் ஆனதோத். எருசலேமுக்கு வடகிழக்கே நடந்தே போய்விடக்கூடிய தூரம். ஏசாயா 10ஆம் அதிகாரத்தில் ஒரு படை வடக்கிலிருந்து இறங்கி வரும் வழியில் மிக்மாஸ், கேபா, ராமா, கிபியா என்று ஊர் ஊராகப் பெயர் வருகிறதே, அந்த வரிசையில் ஆனதோத்தும் இருக்கிறது. எரேமியா முதல் அதிகாரத்தின் தரிசனத்தில் வருகிற பொங்கும் பானை வடக்கிலிருந்து கவியப்போகிறது என்று சொன்னவரின் வீடு அந்தப் பானையின் வாய்க்கு நேரே இருந்தது. எருசலேமுக்கும் அந்தப் பக்கம்தான் பலவீனம். கிழக்கே கீதரோன் பள்ளத்தாக்கு, தெற்கிலும் மேற்கிலும் இன்னோம் பள்ளத்தாக்கு, வடக்கில் மட்டும் நிலம் தொடர்ச்சியாக ஏறிப் போகிறது. கி.பி. 70இல் ரோமத் தளபதி டைட்டஸ் வந்து மோதியதும் வடக்குச் சுவரில்தான்.

பயத்தின் கதை இவ்வளவுதான். அது மறைபொருள் இல்லை, சாலை.

48ஆம் சங்கீதம் வடக்குக்குத் தரும் மகிமை எங்கிருந்து வந்தது என்பது இதைவிட சுவாரசியம். எபிரெயர்கள் திசைகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். மேற்குக்கு 'யாம்', அதாவது கடல். தெற்குக்கு 'நெகேவ்', அது யூதாவுக்குத் தெற்கே இருக்கும் வறண்ட பிரதேசம். கண்ணால் பார்க்கக்கூடிய இடங்களே திசைகளாகின்றன. (கிழக்கைப் பார்த்து நின்று முன், பின், இடம், வலம் என்று சொல்லும் இன்னொரு வழக்கமும் உண்டு. ஆதியாகமம் 14இல் தமஸ்குவுக்கு 'இடதுபுறம்' இருந்த ஓபா வரையில் ஆபிரகாம் துரத்திப் போனார் என்று வருமே, அது தமஸ்குவுக்கு வடக்கே என்று அர்த்தம்.) அப்படியென்றால் ட்ஸாஃபோன் எந்த இடம்?

1928இல் சிரியாவின் கடற்கரையில் ஒரு விவசாயி உழும்போது ஏர் ஒரு கல்லில் தட்டியது. அடியில் பழைய கல்லறை. அடுத்த வருடம் குளோத் ஷேஃபர் தலைமையில் பிரெஞ்சுக் குழு தோண்டத் தொடங்கியது. பக்கத்து மேடான ராஸ் ஷம்ராவுக்கு அடியில் கிடந்தது உகாரித் என்ற நகரம். அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் புயல் தெய்வமான பாகாலின் கதைகள் இருந்தன. கடலோடு சண்டையிட்டு ஜெயித்த பாகாலுக்கு மாளிகை கட்டுகிறார்கள். அது எழும்பும் மலையின் பெயர் ட்ஸஃபோன்தான்! உகாரித்துக்கு வடக்கே, கடலிலிருந்து எடுத்த எடுப்பில் சுமார் 1,700 மீட்டர் உயரத்துக்கு ஏறிநிற்கும் மலை. இன்றைய பெயர் ஜெபல் அக்ரா, சிரியா–துருக்கி எல்லையில் இருக்கிறது. கிரேக்கர்கள் இதே மலையில் தங்கள் தலைமைத் தெய்வமான ஸீயஸைக் குடிவைத்தார்கள். ரிப்லாவைத் தொட்டு ஓடிய அதே ஒரோன்டஸ் கடலில் கலப்பது இந்த மலைக்குச் சற்று வடக்கே. யாத்திராகமத்தில் எகிப்தில் வரும் 'பாகால்செபோன்' என்ற ஊர்ப்பெயரிலும் இந்த மலைத் தெய்வம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது 48ஆம் சங்கீதத்தை மறுபடி வாசியுங்கள். சீயோன் எருசலேமில்தான் இருக்கிறது, எந்த வடக்கிலும் இல்லை. 'பாகாலின் மலை என்று நீங்கள் பேசுகிற அந்த மலை உண்மையில் இதுதான், இங்கே ராஜா எங்கள் தேவன்' என்று பாட்டு சொல்கிறது. பக்கத்து ஊர்க்காரனின் பட்டத்தைப் பறித்துத் தன் சாமிக்குச் சூட்டுகிற வேலை. ஆய்வாளர்கள் பலரும் இப்படித்தான் வாசிக்கிறார்கள், எனக்கும் வேறு வழி தெரியவில்லை. ஏசாயா 14இல் வடகோடியில் இருக்கும் தேவசபை மலையில் ஏறி உட்காருவேன் என்று ஒருவன் பெருமையடிக்கிறானே, அவன் எண்ணமும் அந்த மலைதான். நம் பிரசங்கங்களில் அவனைச் சாத்தானாக்கிவிடுகிறோம். அந்த அதிகாரமோ அவனைப் பாபிலோன் ராஜா என்றே சொல்கிறது.

உங்கள் போதகர் சொன்னதைத் தள்ளிவிடவும் இல்லை. 'ட்ஸ-ஃப-ன்' என்ற வேருக்கு ஒளித்துவை என்ற பொருள் உண்டு. செப்பனியா என்ற தீர்க்கதரிசியின் பெயரில் இருப்பது அதுதான். யூதர்களின் பஸ்கா இரவு உணவில் புளிப்பில்லா அப்பத்தில் பாதியை ஒளித்துவைப்பார்கள், பிள்ளைகள் தேடி எடுப்பார்கள், உணவு முடிந்தபின் அதைச் சாப்பிடும் கட்டத்துக்கு 'ட்ஸாஃபூன்' என்று பெயர். இன்றைய எபிரெயத்தில் திசைகாட்டி 'மட்ஸ்பேன்', மனசாட்சி 'மட்ஸ்பூன்'. பிரசங்கத்துக்கு லட்டு மாதிரி கிடைத்த ஜோடி. ஆனால் மலையின் பெயரே இந்த வேரிலிருந்து வந்ததா, 'நோக்கிப் பார்' என்ற வேறொரு வேரிலிருந்தா என்று அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அந்த வேரை மட்டும் சாவியாக வைத்து வேதத்தின் எல்லா வடக்கையும் திறக்கப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. அப்புறம், பின்னால் வந்த ரபிமார், அதாவது யூத மத ஆசிரியர்கள், இன்னும் தூரம் போனார்கள். கடவுள் உலகத்தின் வடமூலையை மட்டும் முடிக்காமல் விட்டார், 'நானும் கடவுள்' என்கிறவன் வந்து அதைக் கட்டி முடிக்கட்டும் என்று, அந்த மூலையில்தான் பேய்களும் பூகம்பமும் குடியிருக்கின்றன என்று ஒரு பழைய விளக்கநூல் சொல்கிறது. அருமையான கற்பனை. சுவரில் வடபக்கம் எப்போதும் இடிபடும் ஊர்க்காரர்களுக்குத்தான் இப்படித் தோன்றும் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியாக ஆடு. லேவியராகமம் 1இல் வடபுறம் என்று இருக்கிறது, ஏன் என்று இல்லை. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் எருசலேம் ஆலயத்தின் அளவுகளை விவரிக்கும் பகுதியைப் பார்த்தால் ஏற்பாடு புரிகிறது. ஆசாரியர்கள் பலிபீடத்தின் மேல் ஏறும் சாய்தளம் தெற்குப் பக்கம். வடக்குப் பக்கம் காலியிடம், அங்கே தரையில் ஆறு வரிசை, வரிசைக்கு நான்கு என்று வளையங்கள் பதித்திருந்தார்கள், மிருகத்தை அதில் மாட்டி அறுப்பதற்கு.