அந்த நான்கு உளிகள் யாருடையவை?

கேள்வி: என் அப்பா தச்சு வேலை செய்தவர். ஏழு மாதங்களுக்கு முன் காலமானார். பட்டறைக் கொட்டகையைக் காலி செய்து வாடகைக்கு விடப்போகிறேன். இருபத்திரண்டு உளிகள், 4-ஆம் எண் ஸ்டான்லி இரும்பு இழைப்புளி ஒன்று, மர இழைப்புளிகள், கைரம்பங்கள் இருக்கின்றன. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். எப்படி விலை வைப்பது? நான்கு உளிகள் மட்டும் எண்ணெய்த் துணியில் சுற்றித் தனியே இருந்தன. அவற்றின் பிடியில் ‘மு’ என்று செதுக்கியிருக்கிறது. அப்பாவின் பெயர் ‘க’வில் தொடங்கும். உப்புத்தாள் போட்டு அந்த எழுத்தைத் தேய்த்துவிட்டால் விலை கூடுமா? அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது.
— வாசகர், கும்பகோணம்

பதில்: தேய்க்காதீர்கள், தம்பி. உப்புத்தாளைக் கையில் எடுத்திருந்தால் இப்போதே கீழே வையுங்கள்.

அப்பாவின் கருவிகளை என்ன விலைக்கு விற்கலாம் என்று கேட்டு வருகிற கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. ஆனால் அடுத்தவர் பெயரைச் சுரண்டி எடுக்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டவர் நீங்கள்தான். கட்டட வேலைக்குப் போகிற இடத்தில் ஐந்தாறு தச்சர்கள் ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். மாலையில் யார் உளி யாருடையது என்று கலந்துபோகும். அதற்காகத்தான் பிடியில் எழுத்தோ குறியோ வெட்டிவைப்பது. அந்த ‘மு’ ஓர் ஆளின் பெயர். அவர் முருகேசனோ முத்துவோ, உங்கள் அப்பாவுக்குத் தெரிந்தவர்.

உங்கள் அப்பா தம் சொந்த உளிகள் பதினெட்டையும் பெட்டியில் சும்மா போட்டுவைத்திருந்தார். பிறருடைய நான்கை மட்டும் துருப்பிடிக்காமல் எண்ணெய்த் துணியில் சுற்றித் தனியே வைத்தார். இரவல் வாங்கினாரா, பணத்துக்கு ஈடாக வாங்கினாரா, கூட வேலை பார்த்தவர் இறந்தபோது பத்திரப்படுத்தினாரா என்று எனக்குத் தெரியாது. திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு வைத்திருந்தார் என்பதை மட்டும் அந்தத் துணியே சொல்கிறது. அதை நீங்கள் பிரித்துப் பார்த்தீர்கள், எழுத்தைக் கண்டீர்கள், உடனே விலைக்குப் போய்விட்டீர்கள். அப்பாவின் கொட்டகை உங்களுக்கு வேண்டும், அவர் கொடுக்க வேண்டிய பாக்கி மட்டும் வேண்டாமா? தகப்பன் விட்டுப்போன பாக்கியை மகன்தான் தீர்க்க வேண்டும். நான் அப்படித்தான் வளர்ந்தேன், இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது என்கிறீர்கள். கேட்டீர்களா? வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அந்தக் கருவிகளைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தது யார்? உங்கள் வீட்டுக்கு யார் யார் வேலைக்கு வந்தார்கள், யாருக்குச் சோறு போட்டோம் என்பது அவருக்கு நினைவிருக்கும். இன்றிரவே கேளுங்கள்.

மீதிக்கு வருகிறேன். எடைக்குக் கொடுப்பதாக இருந்தால் வளைந்த ரம்பத்தையும் உடைந்த அரத்தையும் கொடுங்கள், மற்றவற்றைக் கொடுக்காதீர்கள். உளியில் பார்க்க வேண்டியது அலகின் தட்டையான முதுகு. மேலோட்டமான துரு மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். குழி குழியாக அரித்திருந்தால் முனை கூராக நிற்காது, பாதி விலைகூடத் தேறாது. பளபளப்பாக்குகிறேன் என்று மின்சாணையில் பிடித்துவிடாதீர்கள். சூடேறி நீலம் பாய்ந்த அலகில் பதம், அதாவது இரும்பின் கெட்டித்தன்மை, போய்விட்டது என்பதை வாங்க வருகிற தச்சர் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்.

அந்த ஸ்டான்லியைத் தனியாக விற்கவும். வார்ப்பிரும்பு உடல் கீழே விழுந்தால் விரியும், ஆகவே அலகு வெளியே எட்டிப்பார்க்கும் வாய்ப்பகுதியிலும் பக்கச் சுவர்களிலும் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அலகு தேய்ந்திருந்தால் கவலையில்லை. 1869-இல் பெய்லி என்பவரின் இழைப்புளிக் காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. அந்த அமைப்பு அதன்பின் பெரிதாக மாறவில்லை என்பதால் 2 அங்குல அலகு புதிதாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். உடலில் விரிசல் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லி, விலையைக் குறைத்துக் கொடுங்கள்.

சாதாரண உளிகளுக்குக் கடையில் புதியதன் விலையை விசாரித்து, அதில் பாதிக்கு மேல் கேட்காதீர்கள். சாணைக்கல்லில் கையால் தீட்டி, ஒரு மரத்துண்டில் சீவிக் காட்டி விற்றால் அந்தப் பாதி விலை நியாயமாகக் கிடைக்கும். பக்கத்து ஊர்ப் பட்டறைகளில் முதலில் சொல்லுங்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன் யாராவது கேட்டால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள், உங்கள் அப்பாவும் அப்படித்தான் தொடங்கியிருப்பார்.

ஆனால் இதெல்லாம் அந்த நான்கு உளிகளும் போன பிறகுதான். ஆள் இருந்தால் அவர் கையில், இல்லையென்றால் அவர் பிள்ளைகள் கையில். அவர்களுக்கு வேண்டாம் என்றால் விற்று அந்தப் பணத்தை அவர்களிடம் கொடுங்கள். ஈடாக வைத்தது என்று தெரியவந்தாலும் பழைய கணக்கைக் கிளறாதீர்கள். அதே துணியில் சுற்றியே கொண்டுபோங்கள், அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள்.