'லா வுவா தே ஃபாம்' என்ற பிரெஞ்சுப் பெண்ணியப் பத்திரிகை தொடங்கிய ஆண்டு 1848-ஆ, 1917-ஆ?

இரண்டும் சரி. அவை வெவ்வேறு பத்திரிகைகள். 'பெண்களின் குரல்' என்று பொருள்படும் அந்தப் பெயர்தான் இரண்டுக்கும் ஒன்று. நூலகப் பட்டியலில் இரண்டும் கலந்து வந்து உங்களைக் குழப்பியிருக்கும்.

1848 மார்ச்சில் ஒழேனி நிபுவாயே தொடங்கியது நாளிதழ், ஜூனிலேயே நின்றுவிட்டது. நீங்கள் தேடுவது முதல் உலகப் போரை எதிர்த்த ஏடு என்றால், அது 1917 அக்டோபர் கடைசியில் கொலெத் ரேனோவும் லூயிஸ் போதானும் பாரிஸில் தொடங்கிய வாரப் பத்திரிகை. 1937 வரை வந்தது. நெல்லி ருசெல், எலேன் பிரியோன் எல்லாரும் அதில் எழுதினார்கள்.

போர்க்கால இதழ்களில் பத்திக்கு நடுவே வெள்ளையாக இடம் கிடந்தால் ஸ்கேன் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். அச்சேறும் முன் மெய்ப்பு தணிக்கை அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே அடித்த வரிகளின் ஈய எழுத்துகளை அச்சகத்தில் எடுத்துவிடுவார்கள். வேறு செய்தி கோக்க நேரமிருக்காது. வெற்றிடம் அப்படியே தாளில் விழும். 1919 அக்டோபரில்தான் இந்தத் தணிக்கை நீங்கியது. அதனால் சொல் தேடலில் 'சமாதானம்' அகப்படாத இதழில் அதைப் பற்றி எழுதவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பக்கத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

'பெண்ணிய அமைப்புகள் அப்போது அரசின் பக்கம்தானே நின்றன?' என்று யாராவது கேட்பார்கள். பெரிய அமைப்புகள் அப்படித்தான் நின்றன; சமாதானம் கோரி 1915-ல் ஹேக் நகரில் கூடிய பெண்கள் மாநாட்டுக்குப் போகவே மறுத்தன. இந்தச் சின்ன ஏடு முக்கியமாவதே அதனால்தான்.

இந்த ஏட்டில் எழுதிய பெண்களின் போர் எதிர்ப்பைத் 'தாயுள்ளம்' என்று ஒரே சொல்லில் முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாரிஸை ஒட்டிய பாந்தேன் ஊரில் மழலையர் பள்ளி ஆசிரியையான பிரியோன், போர் எதிர்ப்புப் பிரசாரத்துக்காக 1917 நவம்பரில் கைதானார். 1918 மார்ச்சில் ராணுவ நீதிமன்றத்தில் அவர் வைத்த வாதத்துக்கும் தாய்ப்பாசத்துக்கும் சம்பந்தமில்லை: போர் உடல்பலத்தின் வெற்றி, பெண் விடுதலை அறவலிமையால் மட்டுமே வரும், ஆகவே பெண்ணியவாதி என்பதாலேயே தான் போருக்கு எதிரி. அரசியல் உரிமையே தராதவர்கள் தன்மேல் அரசியல் குற்றம் சாட்டுவது எப்படி என்றும் கேட்டார். மூன்றாண்டுத் தண்டனை விதித்து நிறுத்திவைத்தார்கள். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை? 1919-ல் நாடாளுமன்றக் கீழவை 344-க்கு 97 என்று ஒப்புக்கொண்டதை 1922-ல் செனட் 156-க்கு 134 என்று தள்ளியது. 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூலப் பிரதிகளுக்குப் பாரிஸ் 13-ஆம் வட்டாரத்து மார்கரித் துயுரான் நூலகத்தில் விசாரியுங்கள். கேட்கும்போது பெயரோடு ஆண்டையும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் 1848 இதழ்க் கட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.