மினியேச்சர் குதிரை பொம்மைக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சா சொரசொரன்னு வருதா?
நண்பா, நீங்க சொல்ற மாதிரி குதிரை உடம்பு முழுக்க மணல் ஒட்டுன மாதிரி சொரசொரன்னு இருக்குன்னா பெரும்பாலும் தூரத்துல இருந்து அடிக்கிறீங்க, பெயிண்ட் போய்ச் சேர்றதுக்குள்ள காஞ்சு தூளா விழுது. கேனை ரெண்டு நிமிஷம் நல்லா குலுக்கிட்டு 20-25 செ.மீ. தள்ளி வச்சு சட்டு சட்டுன்னு மெல்லிசா அடிங்க, கொளுத்துற வெயில்லயும் ஈரக்காத்துலயும் வேணவே வேணாம்.

எல்லா குதிரையும் ஒரே பிரவுனா தெரியுதுன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு முதல்ல அடர் பிரவுனை வயித்துக்கு அடியில வரைக்கும் அடிச்சு காயவிட்டு, அப்புறம் வெளிர் பிரவுனை மேல இருந்து மட்டும் லேசா தூவுங்க, நிழல் தானா வந்துரும். பிடரி, வால், முழங்காலுக்குக் கீழ பிரஷ்ல கருப்பு. ஆனா செம்பழுப்பு குதிரைக்கு மட்டும் அந்தக் கருப்பு போட்டுறாதீங்க, அதுக்குப் பிடரியும் உடம்பு கலர்லயே இருக்கும், இல்ல கொஞ்சம் வெளிறி இருக்கும். குதிரை மேல உக்கார்ற வீரன் பொம்மையை இப்பவே ஒட்டிறாதீங்க, ஒட்டிட்டா சேணம் பக்கம் ஸ்ப்ரே நுழையாது.