வாசகர் கேள்வி–பதில்: திரவப் படிகத்தைக் கண்ணாடியாக்குவது

கேள்வி: 5சிபி திரவப் படிகத்தை டிஎஸ்சி கருவியில் (சூடாக்கும்போதும் குளிர்விக்கும்போதும் பொருள் ஏற்கும், உமிழும் வெப்பத்தை அளப்பது) நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் குளிர்விக்கிறோம். ஒவ்வொரு தடவையும் படிகமாகிவிடுகிறது. நெமாட்டிக் ஒழுங்கு (மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே திசையில் நிற்பது) கலையாத கண்ணாடி, அதாவது படிகமாகாமலே இறுகிய திண்மம், கிடைக்க என்ன வழி?

பதில்: அந்த வேகம் போதாது. 5சிபி 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நெமாட்டிக்; 23 டிகிரியை ஒட்டிப் படிகமாகலாம். கண்ணாடி மாற்றமோ −65ஐ ஒட்டித்தான். இடையிலுள்ள 90 டிகிரியைப் படிகக் கரு வளர்வதற்குள் கடந்தாக வேண்டும்.

மாதிரி 5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். கருவியின் மாதிரிக் கிண்ணத்தின் அடியில் மெல்லிய படலமாகப் பரவியிருக்கட்டும். 40 டிகிரியில் முழுக்க உருக்கி, 30க்கு இறக்கி, அங்கிருந்து குளிர்வியுங்கள். கிண்ணத்தை அப்படியே திரவ நைட்ரஜனில் போட்டால் ஆவிப்படலம் அதைச் சூழ்ந்துகொண்டு குளிர்வதைத் தாமதப்படுத்தும். நைட்ரஜனில் ஊறிய இரண்டு செப்புக் கட்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்துவது மேல். பிறகு −120க்கு முன்பே குளிர்வித்த கருவிக்குள், உலர் நைட்ரஜன் ஓட்டத்தில், சட்டென்று மாற்றுங்கள். வழியில் கிண்ணத்தில் பனி படிந்தால் 0 டிகிரியில் ஒரு போலி முகடு வரும்.

இப்போது நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடாக்குங்கள். வரைகோட்டில் −65 அருகே அடிக்கோட்டில் ஒரு படி (கண்ணாடி மாற்றத்தின் அடையாளம்), அதன்பின் வெப்பம் உமிழும் படிகமாதல் முகடு, பிறகு உருகல், 35இல் நெமாட்டிக் ஒழுங்கு கலைவதைக் காட்டும் சின்ன முகடு. கவனிக்க வேண்டியது நடு இரண்டையும்தான். உமிழ்முகட்டின் பரப்பு உருகல் முகட்டை விட மிகக் குறைவாக இருந்தால், குளிரும்போதே ஒரு பகுதி படிகமாகிவிட்டது என்று பொருள். −65இல் படியே இல்லையென்றால் முழுவதும் படிகமாகிப் போயிற்று.

பழகுவதற்கு நான்கு திரவப் படிகங்கள் சேர்ந்த இ7 கலவையில் தொடங்குங்கள்: எடையில் 5சிபி 51, 7சிபி 25, 8ஓசிபி 16, 5சிடி 8 சதவீதம். நான்கு வெவ்வேறு மூலக்கூறுகள் ஒரே படிக அணிக்குள் எளிதில் அடங்குவதில்லை. அதனால் சாதாரண வேகத்திலேயே −60ஐ ஒட்டிக் கண்ணாடியாகும். கலவை ஏன் சிறந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் அரிது.

கேள்வி: கண்ணாடி என்றால் தெளிவாக இருக்க வேண்டாமா? எங்களுடையது பால்போல் கலங்கியிருக்கிறது. படிகமாகிவிட்டதா?

பதில்: கலங்கலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நெமாட்டிக்கில் மூலக்கூறுகளின் திசை இடத்துக்கிடம் மாறினால் ஒளி சிதறும். அந்த அமைப்பே கண்ணாடியிலும் உறைந்து நிற்கும். துருவ நுண்ணோக்கியில் (துருவமாக்கிய ஒளியில் காட்டும் நுண்ணோக்கி) பாருங்கள்: −65ஐக் கடக்கும்போது நூலிழைக் கோலம் மாறாமலிருந்தால் கண்ணாடி, வட்ட வட்டமாகப் பரவினால் படிகம். தெளிவு வேண்டுமானால் மூலக்கூறுகளை ஒரே திசையில் நிறுத்த, ஒரே திசையில் தேய்த்த பாலிஇமைடு என்ற பாலிமர் பூசிய இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையிலான, 10 மைக்ரான் இடைவெளிக் கலத்தில் நிரப்புங்கள். குளிர்வில் படலம் சுருங்கி விரிசல் விடலாம்; அது படிகமன்று.