ஓடும் குழந்தைக்கு எந்தக் கேமரா?

இரண்டு வயது மகள் வீட்டுக்குள் ஓடும்போது எடுத்த படமெல்லாம் கலங்கலாக வருகிறது, ஆனாலும் சட்டைப்பையில் அடங்கும் கேமராதான் வசதி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தேவைக்கு, லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய பெரிய கேமராவான டிஎஸ்எல்ஆர்தான் என்பேன்.

சட்டைப்பையில் அடங்கும் சாதாரண காம்பாக்ட் கேமராவின் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) சுமார் 6 × 4.5 மி.மீ. ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆரில் அது சுமார் 23 × 15 மி.மீ., அதாவது பரப்பில் ஏறக்குறைய 12 மடங்கு. அதனால் ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறன் அளவு) 1600, 3200 என்று, படம் ரொம்பப் புள்ளி புள்ளியாகிவிடுமோ என்று தயங்காமல் ஏற்றலாம். அப்போது ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் திரை) திறந்திருக்கும் நேரத்தை 1/250 நொடியாகக் குறைக்க முடியும்; அப்படி வைத்தால் குழந்தை திரும்பினாலும் முகம் தெளிவாகப் பதியும். ஃபோகஸும் சட்டென்று பிடிக்கும்.

ஆனால் கூடவே தரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸோடு தயவுசெய்து நின்றுவிடாதீர்கள்! 55 மி.மீ.-இல் அது எஃப்/5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் கிட்டத்தட்ட 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். சின்ன அறை என்றால், கூடுதல் அகலமாகக் காட்டும் 35 மி.மீ. இன்னும் நல்லது. பழைய மாடல் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்கியாவது லென்ஸுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

சரி, எடை? வாங்கும் முன் கால் மணி நேரம் கழுத்தில் மாட்டிப் பாருங்கள். தினமும் தூக்க மனம் வராது என்று தோன்றினால், ‘1 அங்குலம்’ என்று பெயர் கொண்ட சென்சாரும் (டிஎஸ்எல்ஆரை விடச் சிறியது, சாதாரண காம்பாக்டை விடப் பெரியது) எஃப்/1.8 லென்ஸும் உள்ள காம்பாக்டைத் தேடுங்கள்.